இலையில் கடி விழுந்தால் செடி முழுவதற்கும் எப்படித் தெரிகிறது?

கேள்வி இதுதான்: ஒரு புழு ஓர் இலையைக் கடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் கடிபடாத இன்னோர் இலையும் எதிர்ப்புக்குத் தயாராகிவிடுகிறது. நரம்பே இல்லாத செடியில் இந்தத் தகவல் மின் சமிக்ஞையாகப் போகிறது என்கிறார்களே, உண்மையா? பூச்சிக்கு மட்டும்தானா, நோய்க்கிருமி வந்தாலும் இப்படித்தானா? அப்படியென்றால் செடிக்கு வலிக்குமா?

முதலில் நேரடியான பதில். உண்மைதான். காயம்பட்ட இடத்திலிருந்து ஒரு மின் அலை கிளம்பி, குழாய்த் திசு வழியாக நிமிடத்துக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது. போய்ச் சேர்ந்த இலையில் பாதுகாப்பு ஹார்மோன் உருவாக அது தூண்டுகிறது. நோய்க்கிருமி வரும்போதும் செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் கிருமி தொட்ட செல்லோடும் அதன் அக்கம்பக்கத்தோடும் நின்றுவிடும். வலி கிடையாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மின்சாரம் என்றதும் கம்பியில் ஓடுவதை நினைத்துக்கொண்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. இங்கே நகர்வது கால்சியம், குளோரைடு, பொட்டாசியம், புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) போன்ற அயனிகள், அதாவது மின்னேற்றம் உள்ள அணுக்கள். அவை செல் சவ்வைத் தாண்டி உள்ளே வருவதும் வெளியே போவதும்தான் நம் கருவியில் மின்னழுத்த மாற்றமாகப் பதிவாகிறது. அயனிகள் போய்வரும் அந்த வழிகள் யார் கட்டுப்பாட்டில் இருக்கின்றன என்பதில்தான் செடிக்கும் அதைத் தாக்க வரும் உயிருக்கும் சண்டையே. பூச்சி, பாக்டீரியா, பூஞ்சை மூன்றும் அந்த வழிகளில் கைவைக்கின்றன. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் பொருந்தும் என்பது என் எண்ணம்.

செடியின் செல் சும்மா இருக்கும்போதே அதன் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும். அளவு பொதுவாக மைனஸ் 120 முதல் மைனஸ் 180 மில்லிவோல்ட். ஒரு பேனா பேட்டரியின் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் அது நிற்பது சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஒரு சவ்வின் இரு பக்கமும். இந்த நிலையைக் காப்பாற்றுபவை சவ்வில் பதிந்திருக்கும் புரோட்டான் பம்புகள். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. அதனால் கிடைக்கும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் வேர் உப்புகளை உறிஞ்சுகிறது, சர்க்கரை, அதைச் செடி முழுவதும் கொண்டுபோகும் புளோயக் குழாயில் ஏறுகிறது, இலைத்துளை திறக்கிறது. ஆக, இது செடியின் அன்றாடப் பிழைப்புக்கே தேவையான ஒன்று. ஆபத்து வரும்போது, பாடுபட்டுக் காத்துவந்த இந்த மின்னழுத்தத்தைச் செடி சட்டென்று சரிய விடுகிறது. அந்தச் சரிவுதான் சமிக்ஞை.

சரிவு நடக்கும் விதம் விலங்கு நரம்பில் நடப்பதிலிருந்து மாறுபட்டது. நரம்பில் சோடியம் உள்ளே பாய்கிறது. செடியில் முதல் அடி எடுத்து வைப்பது கால்சியம். செல்லின் சைட்டோபிளாசத்தில் அது மிகமிகக் குறைவு. வெளியே செல் சுவர்ப் பகுதியில் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். சவ்விலுள்ள கால்சியம் கால்வாய் திறந்தால் அது உள்ளே கொட்டும். உள்ளே ஏறிய கால்சியம் குளோரைடு போன்ற எதிர்மின் அயனிகளின் கால்வாய்களைத் திறக்க வைக்கிறது. எதிர்மின்னேற்றம் வெளியே ஓடிவிட, உள்பக்கத்தின் மைனஸ் மதிப்பு குறைகிறது. பாடநூல்கள் இதை முனைப்பியக்க நீக்கம் என்கின்றன. பிறகு பொட்டாசியம் வெளியேறுகிறது, பம்புகள் மறுபடி வேலையைத் தொடங்குகின்றன, பழைய நிலை திரும்புகிறது. நரம்பில் மில்லிசெகண்டில் முடிவது இங்கே பல செகண்டுகள், சில சமயம் பல நிமிடங்கள் எடுக்கும். ஒவ்வொரு முறையும் செல் கொஞ்சம் உப்பை இழக்கிறது என்பதால், செடி இதை அடிக்கடி விளையாட்டாகச் செய்வதில்லை.

இந்தச் சமிக்ஞைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று செயல்நிலை மின்னழுத்தம்: தூண்டல் ஒரு வரம்பைத் தாண்டினால் முழுசாக எழும், தாண்டாவிட்டால் எழவே எழாது, எழுந்தபின் தானாகவே அடுத்தடுத்த செல்லுக்குப் போகும். தொடுதல், குளிர் போன்ற, காயம் ஏற்படுத்தாத தூண்டல்களுக்கு இது வரும். இன்னொன்று மெதுவான அலை. எரித்தால், நசுக்கினால், கடித்தால் வருவது இது. நிமிடக்கணக்கில் நீடிக்கும், தூரம் போகப்போக உயரம் குறையும், காயம் பெரிதானால் அலையும் பெரிதாகும். வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கத் தொட்டாற்சிணுங்கியே போதும். ஒரு சிற்றிலையின் நுனியைத் தொட்டால் அந்த இலையின் ஒரு பகுதி மடங்குவதோடு விஷயம் முடிந்துவிடும். அதே நுனியில் தீக்குச்சிச் சுடரை லேசாகக் காட்டினால், இலை முழுவதும் மடங்கி, காம்பு தொங்கி, கொஞ்ச நேரத்தில் மேலும் கீழும் உள்ள மற்ற இலைகளும் ஒவ்வொன்றாக மடியும். தொட்டபோது போனது முதல் வகை. சுட்டபோது போனது இரண்டாவது வகை. பாதுகாப்பைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் கதாநாயகன்.

செடியில் மின் சமிக்ஞை உண்டு என்பது புதிய செய்தி அல்ல. பூச்சியைப் பிடித்துத் தின்னும் வீனஸ் ஃபிளைடிராப் செடியில் 1873-இல் ஜான் பர்டன் சாண்டர்சன் அதை அளந்து காட்டினார். அதைச் செய்யச் சொல்லி ஊக்கியவர் சார்லஸ் டார்வின். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், தொட்டாற்சிணுங்கி போன்ற செடிகளில் மின் துடிப்புகளைத் தானே உருவாக்கிய நுண்கருவிகளால் பதிவு செய்து, எல்லாச் செடிகளுக்கும் இந்த இயல்பு உண்டு என்று வாதாடினார். அந்தக் காலத்தில் பலர் அதை ஏற்கவில்லை. 1916-இல் இத்தாலியரான உபால்டோ ரிக்கா ஒரு சோதனை செய்தார். தொட்டாற்சிணுங்கியின் தண்டை வெட்டி, இரு துண்டுகளையும் தண்ணீர் நிரம்பிய குழாயால் இணைத்தார். ஒரு பக்கம் காயப்படுத்தினால், இடையில் உயிருள்ள செல்லே இல்லாத அந்தக் குழாயைத் தாண்டி மறுபக்கம் இலைகள் மடங்கின. ஆக, மின்சாரம் மட்டும் போகவில்லை, காயத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் கரைந்து நீரோட்டத்தில் போகிறது என்றார். மின்சாரமா, வேதிப்பொருளா என்ற சச்சரவு அங்கே தொடங்கியது.

பாதுகாப்போடு இது இணைந்தது 1972-இல். டெரன்ஸ் கிரீனும் கிளாரன்ஸ் ரயனும், வண்டு கடித்த தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளில் கடிபடாத இலைகளிலும் ஒரு புரதம் குவிவதைக் காட்டினார்கள். அது பூச்சியின் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதிகளை முடக்கும் புரதம். அதாவது இலையைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. செய்தி எப்படிப் போனது என்பதற்கு 1991-இல் ரயனின் குழு ஒரு விடை சொன்னது: சிஸ்டமின் என்ற 18 அமினோ அமிலச் சங்கிலி. மறு வருடமே, 1992-இல், டேவிட் வைல்டனும் கூட்டாளிகளும் எதிர்ப்பக்கச் சான்றை வைத்தார்கள். தக்காளி நாற்றின் விதையிலையைக் காயப்படுத்தி, அதன் காம்பைக் குளிரூட்டினார்கள். குளிரில் புளோயத்தின் ஓட்டம் நின்றுபோகும், வேதிப்பொருள் அந்த வழியே நகர முடியாது. ஆனாலும் மின் அலை தாண்டிப் போனது, அந்தப் பக்கத்து இலையில் பாதுகாப்புப் புரதமும் வந்தது. இந்த இரண்டு கண்டுபிடிப்பும் ஒன்றையொன்று பொய்யாக்கிவிடவில்லை. அப்போது அப்படித் தோன்றியது, அவ்வளவுதான்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2013-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஃபார்மரின் குழு செய்தது. செடி அராபிடாப்சிஸ்: தரையோடு ஒட்டி வட்டமாக இலை விடும் சின்னச் செடி. அதன் இலைகளை முளைத்த வரிசைப்படி எண் போட்டுக்கொள்வார்கள். 8-ஆம் இலையும் 13-ஆம் இலையும் குழாய்த் திசுவால் நேரடியாக இணைந்தவை. இலைகளின் மேற்பரப்பில் மின்முனைகளை வைத்துவிட்டு, 8-ஆம் இலையில் ஒரு புழுவை விட்டார்கள். புழு இலைமேல் ஊர்ந்தபோது கருவியில் ஒன்றும் பதிவாகவில்லை. வாயை வைத்துத் தின்னத் தொடங்கியதும் மின்னழுத்தம் சரிந்தது, கொஞ்ச நேரத்தில் 13-ஆம் இலையிலும் சரிந்தது. மின் அலை போய்ச் சேர்ந்த இலைகளில் எல்லாம் பாதுகாப்பு மரபணுக்கள் விழித்துக்கொண்டன. அலை போகாத இலைகளில் விழிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்று மட்டும்தான் சொல்ல முடியும். அவர்கள் மேலும் இரண்டு வேலை செய்தார்கள். காயமே படுத்தாமல் இலைக்குள் வெளியிலிருந்து சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். பாதுகாப்பு மரபணு விழித்தது. அப்புறம், ஜிஎல்ஆர் 3.3, ஜிஎல்ஆர் 3.6 என்ற இரண்டு மரபணுக்களும் செயலிழந்த செடியில் 8-ஆம் இலையைக் காயப்படுத்தினார்கள். அலை 13-ஆம் இலையை எட்டவில்லை, அங்கே பாதுகாப்பும் பெருமளவு குறைந்தது. மின் அலை காரணம், பாதுகாப்பு அதன் விளைவு என்று அடித்துச் சொல்லும் தைரியம் இதற்குப் பிறகுதான் வந்தது. இவை உருவாக்கும் ஜிஎல்ஆர் புரதங்கள், குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தை உணரும் ஏற்பிகளின் குடும்பம். நம் மூளையில் நரம்புசெல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ஏற்பிகளின் உறவினர்கள். அராபிடாப்சிஸில் மட்டும் 20 இருக்கின்றன.

இலையின் மேற்பரப்பில் அளப்பது வேறு, எந்தச் செல்லில் அலை போகிறது என்று அறிவது வேறு. புளோயத்தின் சல்லடைக் குழாய் செல் திசுவின் ஆழத்தில் இருக்கிறது. அங்கே கண்ணாடி ஊசியைக் கொண்டுபோனால் அந்த ஊசியே காயம். இதற்கு 2014-இல் ஃபார்மரின் குழுவும், அசுவினிகளின் சாறு உறிஞ்சும் பழக்கத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஃப்ரெடி டியாலிங்கியும் சேர்ந்து ஒரு வழி செய்தார்கள். அசுவினி, முடியைவிட மெல்லிய தன் உறிஞ்சுகுழலைச் சல்லடைக் குழாய்க்குள் நேராகச் செருகும், செல்லும் சாகாமல் இருக்கும். அசுவினியின் முதுகில் மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டி, மறுமுனையைப் பெருக்கிக் கருவியில் கொடுத்தால் அந்தப் பூச்சியே மின்முனை ஆகிவிடுகிறது. ஓர் இலையில் கம்பி கட்டிய அசுவினி அமைதியாகச் சாறு குடித்துக்கொண்டிருக்க, இன்னோர் இலையைப் புழு தின்கிறது. அலை வந்து சேர்ந்ததும் அசுவினியின் வாய் இருக்கும் செல்லின் மின்னழுத்தம் சரிவது திரையில் கோடாக விழுகிறது. பூச்சியின் தாக்குதலை இன்னொரு பூச்சியின் வாய் வழியாகவே அளந்திருக்கிறார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும் இதற்கு!

2018-இல் மசாட்சுகு டொயோட்டாவும் சைமன் கில்ராயும் இதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார்கள். கால்சியம் ஏறினால் ஒளிரும் புரதத்தை உருவாக்கும் அராபிடாப்சிஸ் செடியில், புழு ஓர் இலையைக் கடித்துத் துண்டித்ததும் வெட்டுவாயில் வெளிச்சம் தோன்றி, இலை நரம்பு (நீரும் சர்க்கரையும் போகும் குழாய்த் திசு) வழியாக ஓடி, ஓரிரு நிமிடத்தில் தூர இலைகளின் நரம்புகளில் பரவுகிறது. வேகம் செகண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். காயமே இல்லாமல் குளூட்டமேட் கரைசலை ஒரு சொட்டு வைத்தாலும் அதே அலை கிளம்பியது. உடைந்த செல்லிலிருந்து கசியும் குளூட்டமேட் ஏற்பியைத் திறக்கிறது, கால்சியம் பாய்கிறது, மின்னழுத்தம் சரிகிறது என்று மூன்றும் ஒரே கதையில் வந்து சேர்ந்தன.

ஆனால் அலை அத்தனை தூரம் போவதற்கு உந்துவிசை எது? இதைப் புரிந்துகொள்ளச் சைலத்தைப் பார்க்க வேண்டும். வேரிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கும் சைலக் குழாய்க்குள் பகல் நேரத்தில் இழுவிசை இருக்கும், அழுத்தம் எதிர்மறையாக இருக்கும். ஓரிடத்தில் கடி விழுந்து செல்கள் உடைந்தால், உடைந்த செல்களின் சாறு அந்தக் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டுக் காயத்திலிருந்து தூரமாகப் போகும். அதோடு அழுத்த மாற்றமும் குழாய் நெடுகப் போகும். அழுத்த மாற்றத்தை உணரும் எம்எஸ்எல் 10 என்ற அயனிக் கால்வாய் இந்த அலைக்குத் தேவை என்று 2021-இல் தெரிந்தது. குளூட்டமேட் போன்ற அமினோ அமிலங்கள் சைல நீரோட்டத்திலும் பரவலிலும் நகரும் வேகமே கால்சியம் அலையின் போக்கை விளக்கப் போதும் என்று 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2023-இல் ஃபார்மரின் குழு, கடுகுக் குடும்பத்துக்கே உரிய கார மணத்தை உருவாக்கும் தையோகுளூக்கோசிடேஸ் நொதிகள், காயத்திலிருந்து சைலம் வழியாக நகர்ந்து மின் அலையைத் தூண்டுகின்றன என்று வெளியிட்டது. ரிக்கா நூறு ஆண்டுக்கு முன் தண்ணீர்க் குழாயில் கண்ட பொருளுக்கு இப்படியாக முகம் கிடைத்தது. மின்சாரமா, வேதிப்பொருளா என்ற பழைய சச்சரவில் இரண்டு பக்கமும் சரிதான்: வேதிப்பொருள் சைலத்தில் போகப்போக, பக்கத்து உயிருள்ள செல்கள் ஒவ்வொன்றாக மின்னழுத்தத்தைச் சரிய விடுகின்றன. ஜிஎல்ஆர் 3.6 இருப்பதே சைலத்தை ஒட்டிய செல்களில், 3.3 இருப்பது புளோயத்தில்.

சரி, மின்னழுத்தம் சரிந்தால் பாதுகாப்பு எப்படி வருகிறது? இடையில் நிற்பது ஜாஸ்மோனிக் அமிலம். பசுங்கணிகத்தின் சவ்வுக் கொழுப்பிலிருந்து லினோலெனிக் அமிலம் பிரிந்து, லிப்பாக்சிஜனேஸ் நொதிகள் அதை மாற்ற மாற்ற, கடைசியில் ஜாஸ்மோனிக் அமிலம் உருவாகிறது. அது ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்ததும் செயல்படும் ஹார்மோன் ஆகிறது. சாதாரண நாளில் பாதுகாப்பு மரபணுக்களை ஜாஸ் என்ற புரதங்கள் அடக்கி வைத்திருக்கும். ஹார்மோன் வந்ததும் அந்தப் புரதங்கள் அழிக்கப்படுகின்றன, மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. புழு கடித்த சில நிமிடங்களிலேயே தூர இலையில் இந்த ஹார்மோன் ஏறிவிடுகிறது. செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களும் கசப்பும் நஞ்சுமான பொருள்களும் குவிய மணிக்கணக்கு ஆகும்.

இங்கே பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் விஷயம் ஒன்று உண்டு: அலை வந்ததா என்பதோடு அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் முக்கியம். ஏஹெச்ஏ 1 என்ற புரோட்டான் பம்புதான் சரிந்த மின்னழுத்தத்தைத் தூக்கி நிறுத்துகிறது. 2019-இல் வந்த ஆய்வில், இந்தப் பம்பு ஓயாமல் ஓடும்படி மாறிய செடியில் மின்னழுத்தம் சீக்கிரம் மீண்டுவிட்டது, ஜாஸ்மோனேட் (ஜாஸ்மோனிக் அமிலமும் அதிலிருந்து வரும் ஹார்மோனும்) வழிப் பாதுகாப்பும் பலவீனமானது. பம்பு பலவீனமான செடியிலோ சரிவு நீண்டது, புழுவை அது நன்றாகவே எதிர்த்தது. அப்படியானால் ஏன் எல்லாச் செடியும் பம்பைப் பலவீனமாக வைத்துக்கொள்ளவில்லை? முன்பே சொன்னதுதான்: அந்தப் பம்பை நம்பித்தான் செடி உண்கிறது, வளர்கிறது. பாதுகாப்புக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் வளர்ச்சியின் கணக்கிலிருந்துதான் போகிறது. அலை கடந்து போகும் இலையில் ஒளிச்சேர்க்கை கொஞ்ச நேரம் குறைவதையும் அளந்திருக்கிறார்கள்.

தாக்க வரும் உயிர் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? அவரைக் குடும்பச் செடிகளின் சல்லடைக் குழாய்களில் ஃபோரிசோம் என்ற நீளமான புரதக் கட்டி இருக்கும். இலை நுனியைச் சுட்டால் கிளம்பும் மின் அலை வந்து சேர்ந்ததும், உள்ளே பாயும் கால்சியத்தால் அது உப்பிக் குழாயை அடைத்துவிடும், சில நிமிடங்களில் மறுபடி சுருங்கும். சாறு குடிக்க வந்த அசுவினிக்கு இப்படி அடைத்துக்கொண்டால் பட்டினிதான். ஆனால் அசுவினியின் உமிழ்நீரில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் இருக்கின்றன. செடியிலிருந்து பிரித்தெடுத்து, கால்சியத்தால் உப்பவைத்த ஃபோரிசோம்மீது அந்த உமிழ்நீரைச் சேர்த்தால் அது சுருங்கிவிடுவதை 2007-இல் காட்டினார்கள். செடி கால்சியத்தை நம்பிக் கதவை அடைக்கிறது, பூச்சி அந்தக் கால்சியத்தையே திருடுகிறது.

வலி பற்றிய கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். வலி என்பது காயத்தின் தகவல் ஓரிடத்துக்குப் போய்ச் சேருவதால் மட்டும் வருவதில்லை. அந்தத் தகவலை வாங்கி உணர்வாக்க ஒரு மூளை வேண்டும். செடியில் நரம்புசெல் இல்லை, எல்லாத் தகவலும் குவியும் மையமும் இல்லை. ஒவ்வொரு இலையும் தனக்கு வந்த அலையைக் கொண்டு தானே பதிலளிக்கிறது. குளூட்டமேட் ஏற்பி இரண்டிலும் இருப்பதால் உணர்வும் இரண்டிலும் இருக்கும் என்பது பொருந்தாத வாதம். 1966-இல் கிளீவ் பேக்ஸ்டர் என்ற அமெரிக்கர் பொய் கண்டறியும் கருவியைச் செடியில் மாட்டி, செடி மனித எண்ணத்தை உணர்கிறது என்று பரப்பியது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1975-இல் கவனமாகத் திரும்பச் செய்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. உண்மையான மின் சமிக்ஞை ஆய்வை அதோடு போட்டுக் குழப்பக் கூடாது. அந்தக் குழப்பத்தால் இந்தத் துறையே பல ஆண்டுகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டது.

பூச்சி தின்னும் வீனஸ் ஃபிளைடிராப் இந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டையே வேட்டைக்கு மாற்றிக்கொண்ட செடி. பொறிக்குள் இருக்கும் உணர்முடியை ஒரு முறை தொட்டால் மூடாது, அரை நிமிடத்துக்குள் இரண்டாவது மின் துடிப்பு எழுந்தால்தான் மூடும். உள்ளே சிக்கிய பூச்சி உதற உதறத் துடிப்புகள் கூடும், அவற்றின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஜாஸ்மோனேட் ஏறும், ஐந்து துடிப்புக்கு மேல் போனால் செரிமான நொதிக்கான மரபணுக்கள் தொடங்கும் என்று ஜெர்மனியின் வுர்ஸ்பர்க்கில் ரெய்னர் ஹெட்ரிச்சின் குழு 2016-இல் காட்டியது. மற்ற செடிகளில் புழுவை விரட்டும் அதே ஹார்மோன் இங்கே பூச்சியைக் கரைக்கிறது.

இனி நோய்க்கிருமி. கிருமி கடிப்பதில்லை, சைலத்தை உடைப்பதில்லை. அதனால் செடி நெடுக ஓடும் பெரிய அலைக்கு ஆரம்பத்தில் வழியில்லை. ஆனால் செல் அளவில் மின்மாற்றம் மிக வேகமானது. பாக்டீரியாவின் நீந்தும் இழை ஃபிளஜெலின் என்ற புரதத்தால் ஆனது. அதிலுள்ள 22 அமினோ அமிலத் துண்டு ஒன்றை எஃப்எல்எஸ் 2 என்ற ஏற்பி அடையாளம் கண்டுகொள்கிறது. ஓரிரு நிமிடத்துக்குள் கால்சியம் உள்ளே பாய்கிறது, எதிர்மின் அயனிகள் வெளியேறுகின்றன, செல்லின் மின்னழுத்தம் சரிகிறது. அந்தத் துண்டை மட்டும் தனியாகச் சேர்த்தாலும், பாக்டீரியாவே இல்லாமல், இதெல்லாம் நடக்கிறது. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் பொருள்களைச் செல் வெளியே கொட்டுகிறது.

இதன் பலன் கண்ணுக்குத் தெரியும் இடம் இலைத்துளை. பாக்டீரியா இலைக்குள் நுழையும் முக்கிய வாசல் அதுதான். துளையின் இரு பக்கமும் உள்ள காப்பு செல்களிலிருந்து குளோரைடும் பொட்டாசியமும் வெளியேறினால் அவை தளர்ந்து துளை மூடும். காயத்தில் சமிக்ஞையாக இருந்த அதே அயனி ஓட்டம் இங்கே நேரடியாகக் கதவை மூடும் வேலையைச் செய்கிறது. 2006-இல் மேவ் மெலோட்டோவும் கூட்டாளிகளும், இலைமேல் பாக்டீரியா பட்ட ஓரிரு மணி நேரத்தில் துளைகள் மூடுவதையும், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கொரோனடின் என்ற நச்சைச் சுரந்து அவற்றை மறுபடி திறக்க வைப்பதையும் காட்டினார்கள். கொரோனடின் யாரைப் போல வேஷம் போடுகிறது தெரியுமா? ஜாஸ்மோனேட்டைப் போல. செடி புழுவுக்கு எதிராகப் பயன்படுத்தும் ஹார்மோனை ஏந்திக்கொண்டு பாக்டீரியா வருகிறது, ஏனென்றால் ஜாஸ்மோனேட் ஏறினால் உயிருள்ள செல்லில் வாழும் கிருமிகளை எதிர்க்கும் சாலிசிலிக் அமில வழி தாழ்ந்துபோகும். பாதாம், பீச் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை இன்னும் நேரடியாகப் போகிறது. அது சுரக்கும் ஃபியூசிகாக்சின் என்ற நச்சு புரோட்டான் பம்பையே நிறுத்த முடியாதபடி ஓட வைக்கிறது. மின்னழுத்தம் சரியவே முடியாது, துளைகள் திறந்தபடியே கிடக்கும், இலை வாடிப்போகும்.

இத்தனை தடையையும் தாண்டிக் கிருமி தன் புரதங்களைச் செல்லுக்குள்ளேயே செலுத்திவிட்டால் செடியிடம் கடைசி ஆயுதம் ஒன்று இருக்கிறது: தொற்றிய செல்லைச் சாகடித்து, கிருமியை அங்கேயே முடக்குவது. இதைச் செய்யும் எதிர்ப்பு மரபணுக்களைப் பயிர் வளர்ப்போர் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தி வந்தாலும், அந்தப் புரதம் செல்லை எப்படிக் கொல்கிறது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. 2019-இல் சீன ஆய்வாளர்கள் ஸார் 1 என்ற எதிர்ப்புப் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டார்கள். கிருமியின் வேலையை உணர்ந்ததும் ஐந்து மூலக்கூறுகள் சேர்ந்து சக்கரமாகின்றன, சக்கரத்தின் நடுவே புனல் போன்ற ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. 2021-இல் விடை வந்தது: அந்தப் புனல் செல் சவ்வில் செருகிக்கொண்டு, கால்சியம் பாயும் கால்வாயாகவே மாறிவிடுகிறது. இருக்கும் கதவுகளைக் கிருமி கைப்பற்றிவிட்டால், செடி தானே புதிதாக ஒரு கதவைச் சவ்வில் துளைத்துக்கொள்கிறது.

இது ஆய்வுக்கூடச் செடியோடு நிற்கவில்லை. 1990-களின் இறுதியில் உகாண்டாவில் கண்டறியப்பட்ட யுஜி 99 என்ற தண்டுத் துருநோய் வகை, அதுவரை தாக்குப்பிடித்த பல கோதுமை ரகங்களை வீழ்த்தியது. அதை எதிர்க்கும் மரபணுக்களில் ஒன்று எஸ்ஆர் 35. அதன் புரதமும் ஐந்தாகச் சேர்ந்து, நேர்மின் அயனிகள் பாயும் கால்வாயாகிறது என்று 2022-இல் வடிவத்தோடு நிரூபித்தார்கள். அதே ஆய்வில், துருநோய்க்கு எளிதில் ஆட்படும் பார்லி, கோதுமை ரகங்களில் வேலையற்றுக் கிடந்த, எஸ்ஆர் 35-ஐ ஒத்த புரதங்களில் சில அமினோ அமிலங்களை மட்டும் மாற்றினார்கள். அவை துருநோய்ப் பூஞ்சையின் புரதத்தை அடையாளம் காணத் தொடங்கின.